கல் வீட்டுக்குப் பட்டை கட்டிய கதை

இமாசலப் பிரதேசம், குல்லு மாவட்டம், பஞ்சார் பக்கத்தில் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது என் மாமனார் வீடு. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய இரண்டு தள வீடு. சுவர் 18 அங்குலம், நீளம் 30 அடி, அகலம் 20 அடி, நடுவில் ஒரு குறுக்குச் சுவர், மேலே ஸ்லேட் கல் வேய்ந்த கூரை. கீழே மாடும் விறகும், மேலே மனிதர்கள். வடக்குச் சுவர் வயிறு தள்ளியிருப்பதைப் பார்த்ததும் மாமனார் இரண்டு யோசனை வைத்திருந்தார். கையில் பணம் இருந்தால் மொத்தமாக இடித்துவிட்டுத் தூண் போட்டுக் கட்டுவது. இல்லையென்றால் சுவரை அப்படியே விட்டு, கூரையை மட்டும் பிரித்துவிட்டுக் கான்க்ரீட் தளம் போடுவது. "தளம் போட்டா வீடு கெட்டியாயிடும் இல்லையா மாப்பிள்ளை?"

அந்த இரண்டாவது யோசனைதான் எனக்குப் பகீரென்றது. 600 சதுர அடிக்கு ஐந்து அங்குலத் தளம் என்றால் 17 டன்னுக்குக் குறையாது. அவ்வளவும் மண் சாந்தில் நிற்கும் கல் சுவரின் தலையில், எந்தப் பிடிப்பும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். நிலம் ஆடும்போது கனம் கூடக் கூட விசையும் கூடும். 17 டன் ஒரு பக்கம் இழுக்க, கீழே சுவர் கல் கல்லாகக் கழன்றால், தளம் முழுதாக ஒரே துண்டாகக் கீழே வரும். 1991 அக்டோபர் 20 விடியற்காலை உத்தரகாசியில் 6.8 அளவில் நிலம் ஆடியபோது 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் தூக்கத்திலேயே, இந்த மாதிரிக் கல் வீடுகளுக்குள். கல் சுவர் மேல் கனமான கூரை என்பது இமயமலைக்கே ஆகாத கூட்டணி.

நான் கோவையில் கட்டட வேலை பார்க்கிறவன். அங்கே நிலநடுக்கம் என்பது கணக்குப் போடும்போது ஒரு வரி, அவ்வளவுதான். இங்கே அப்படி இல்லை. நிலநடுக்க அபாயத்தை வைத்து நாட்டைப் பிரித்த 2002 வரைபடத்தில் மாவட்டத்தின் ஒரு பகுதி ஐந்தாம் மண்டலம், அதாவது அபாயம் மிக அதிகம், மீதி நான்காம் மண்டலம். 1905 ஏப்ரல் 4 அன்று காங்டாவில் வந்த நிலநடுக்கத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். குல்லுவும் அன்றைக்கு நன்றாகவே ஆட்டம் கண்டது. அதனால் சுவரை இடிக்காமல், தளமும் போடாமல், இருக்கிற வீட்டைக் கட்டிப்போடுவது என்று முடிவு செய்தோம். மாமனார் அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

தேவதையின் பண்டாரம்

வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால், ஊர்த் தேவதையின் பண்டாரத்தைப் பார்க்கத் தச்சர் மிஸ்திரி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தேவதையின் நகை, வாத்தியம், தானியம் எல்லாம் வைக்கிற கோபுரம் போன்ற கட்டடம். காட்-குனி முறை. இந்தப் பக்கம் பழைய வீடுகள், கோயில்கள் பலவும் இப்படித்தான். பஞ்சாரிலேயே செஹ்னி கோட்டி என்று ஒரு கோபுரம் நிற்கிறது, சுற்றுலாப் பயணிகள் எல்லாம் போய்ப் பார்ப்பார்கள். நக்கர் கோட்டையும் இதே வகை.

தூரத்தில் இருந்து பார்த்தால் மரம் ஒரு வரி, கல் ஒரு வரி என்று அழகாகத் தெரியும். விஷயம் அந்த வரிகளுக்குள்ளே இருக்கிறது. மழையில் பூச்சு உதிர்ந்த ஒரு மூலையில் மிஸ்திரி விரல் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு மர வரியிலும் தெரிவது ஒரு உத்தரம் மட்டும்தான், ஆனால் உள்ளே இரண்டு இருக்கின்றன. சுவரின் வெளி முகத்தில் ஒரு தேவதாரு உத்தரம், உள் முகத்தில் இன்னொன்று. நடுவில் சில்லுக் கல். இரண்டு உத்தரங்களும் பிரிந்து போகாமல் குறுக்கே சின்னச் சின்ன மரத் துண்டுகள். அவற்றின் முனையைப் புறா வால் மாதிரி விரித்துச் செதுக்கி உத்தரத்தின் வெட்டுக்குள் இறக்கியிருக்கிறார்கள். இழுத்தால் வராது. இதற்கு மாண்வி என்று பெயர். மூலையில் இந்தச் சுவரின் உத்தரமும் அந்தச் சுவரின் உத்தரமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சுவரைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, மர ஆணியால் பூட்டப்பட்டிருக்கின்றன. அதற்கு மேல் ஒரு வரி கல். சாந்து கிடையாது. மறுபடி உத்தரம். உயரம் ஏற ஏறக் கல் வரி மெலிந்து, மரம் கூடிக்கொண்டே போகிறது.

"கல்லு கனத்துக்கு, மரம் பிடிக்கறதுக்கு" என்றார் மிஸ்திரி. அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் பல புத்தகத்தில் படித்ததும் அவ்வளவுதான்.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கல்லுக்கு அமுக்கத்தைத் தாங்கும் பலம் உண்டு, இழுவையைத் தாங்கும் பலம் சுவருக்குச் சுத்தமாக இல்லை. நிலம் கிடைமட்டமாக ஆடும்போது சுவரில் வருவது இழுவை. அதை மரம் வாங்கிக்கொள்கிறது. சாந்து இல்லாத கல் வரிகள் ஒன்றன் மேல் ஒன்று நூலிழை நூலிழையாக வழுக்கி உராய்கின்றன. ஆட்டத்தின் சக்தி அந்த உராய்வில் செலவாகிவிடுகிறது. மேலே கனம் குறைவு என்பதால் உச்சியில் வீச்சும் குறைவு. உத்தரகாசி மாவட்டத்தில் ராஜ்கடி பக்கம் கோட்டி பனால் என்று இதன் சகோதர முறை ஒன்று உண்டு. ஐந்து தளம் வரைக்கும் போன வீடுகள். 1803 கட்வால் நிலநடுக்கத்தையும் 1991-ஐயும் பார்த்துவிட்டு நின்றவை அவை.

சரி, அப்படியென்றால் மாமனார் வீட்டையும் காட்-குனியிலேயே கட்டிவிட வேண்டியதுதானே என்று சென்னையில் இருந்து நண்பர் ஒருவர் கேட்டார். தேவதாரு எங்கே போவது? ஒரு வீட்டுக்கு எத்தனை மரம் இறங்கும் என்று பண்டாரத்தைப் பார்த்தாலே தெரியும். உரிமைதாரர்களுக்கு வனத்துறை சலுகை விலையில் தரும் மரம் பழுது பார்க்கக் காணும், சுவர் முழுக்க அடுக்கக் காணாது. அதனால்தான் 1980கள் வாக்கில் கட்டிய வீடுகளில் மரம் மெதுவாக மறைந்துபோய், கல்லும் மண்ணும் மட்டும் மிஞ்சின. எங்கள் வீடும் அந்த வகைதான். தோற்றத்துக்குப் பாரம்பரிய வீடு, ஆனால் பாரம்பரியத்தில் இருந்த பிடிப்பு அதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழசு எல்லாம் பொன் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. காங்டாவில் 1905-இல் விழுந்ததும் பழைய வீடுகள்தான். 2015 ஏப்ரல் 25 நேபாளத்தில் 7.8 அளவில் ஆடியபோது கிராமங்களில் சரிந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை மண் சாந்துக் கல் வீடுகள். காட்-குனி நிலநடுக்கத்துக்கு நிற்கும், தீக்கு நிற்காது. 2008-இல் மலானா ஊரில் பற்றிய தீ ஒரு பெரும் பகுதியையே கொண்டுபோனது.

சுவரைத் தட்டிப் பார்த்தது

கல் சுவர் விழுவதில் ஒரு வரிசை இருக்கிறது. அது தெரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

18 அங்குலச் சுவர் என்று சொல்கிறோமே, அது உண்மையில் ஒரு சுவர் இல்லை. வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் சில்லும் மண்ணும் அள்ளிப் போட்டது. இரண்டு வரிசையையும் இணைக்கிற நீளக் கல் இல்லாவிட்டால், அவை தனித்தனியாக நிற்கும் இரண்டு ஒல்லிச் சுவர்கள்தான். ஆட்டம் வந்ததும் நடுவில் இருக்கும் சில்லு கீழே அமர்ந்து, ஆப்பு அடித்த மாதிரி இரண்டையும் வெளியே தள்ளும். வெளி வரிசை வயிறு தள்ளும், அப்புறம் சரியும். இது முதல் வகை. இரண்டாவது, மூலைகள் மேலிருந்து கீழாகப் பிளந்து ஒவ்வொரு சுவரும் தனித்தனியாக வெளியே சாய்வது. மூன்றாவது, கூரையின் முக்கோணச் சுவர். அதை மேலே யாரும் பிடித்திருப்பதில்லை. முதலில் விழுவதும் பெரும்பாலும் அதுதான்.

எங்கள் வடக்குச் சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நடு உயரத்தில் கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம் வெளியே வந்திருந்தது. மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். கெட்டியான இடத்தில் 'டக்' என்று கேட்கும். வயிறு தள்ளிய இடத்தில் மொத்தையாக, பொள்ளலாகக் கேட்டது. அந்த இடத்தைச் சாக்பீஸில் வட்டம் போட்டுவைத்தோம். உள்ளே மாட்டுத் தொழுவத்தின் ஈரம் வேறு, மண் சாந்து பல இடத்தில் மாவாக உதிர்ந்தது.

அந்தப் பகுதியைப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை. மேலே உள்ள தரைத் தாங்கிகளுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, வெளி வரிசையை மூன்று மூன்றடி அகலமாகப் பிரித்து, அதே கல்லைக் கழுவி, அதே மண்ணைச் சலித்து மறுபடி கட்டினோம். இந்த முறை இரண்டடி உயரத்துக்கு ஒருமுறை, நான்கு நான்கடி இடைவெளியில், சுவரின் முழு அகலத்துக்கும் போகும் கல். 13828 என்ற எண் கொண்ட இந்தியத் தரவிதி கேட்பதும் இதுதான். அவ்வளவு நீளமான கல் கிடைக்காவிட்டால் கெடாமல் இருக்க மருந்து பூசிய ஒன்றரை அங்குல மரக்கட்டை வைக்கலாம், அல்லது உள்ளே 8 மி.மீ. கம்பி போட்ட சின்னக் கான்க்ரீட் துண்டு வைக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. நாங்கள் மூன்றையும் கலந்து வைத்தோம், எது கையில் அகப்பட்டதோ அது.

ஓட்டை போட்டுத் தைப்பது

மற்ற சுவர்களைப் பிரிக்கவில்லை. அவற்றுக்குத் தையல். 1993-இல் லத்தூர் நிலநடுக்கத்துக்குப் பிறகு மகாராஷ்டிர கிராமங்களில் நிற்கும் வீடுகளுக்குச் செய்த முறை இது. சுவரில் மூன்றடிக்கு ஒன்றாக, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் தள்ளித் தள்ளி, ஒரு முகத்தில் இருந்து மறு முகம் வரை ஓட்டை போட்டுக் கான்க்ரீட் நிரப்புவது. எங்களுக்கு 150-ஐ ஒட்டி வந்தது.

கேட்க எளிதாக இருக்கும். ட்ரில் போட்டுத் துளைத்துவிட்டால் என்ன என்று கொத்தனார் கேட்டார். கூடாது. அந்த அதிர்விலேயே மண் சாந்து கழன்றுவிடும். வீட்டைக் காப்பாற்றப் போய் நாமே நிலநடுக்கம் கொடுத்த கதையாகிவிடும். ஆகவே ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றிய மண்ணை மெல்லிய கம்பியால் சுரண்டி எடுத்து, சின்னக் கடப்பாரையால் நெம்பி நெம்பி வெளியே உருவ வேண்டும். உள்ளே கையை விட்டுச் சில்லை அள்ள வேண்டும். எதிர்முகத்துக் கல்லை வெளியில் இருந்து தள்ளாமல், உள் பக்கம் ஆள் நின்று அங்கிருந்து உருவ வேண்டும். ஓட்டை நடுவில் மூன்று அங்குலம் இருந்தால் போதும், இரண்டு முனையும் அகலமாக விரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இறுகும் கான்க்ரீட்டுக்கு இரண்டு பக்கமும் தலை கிடைக்கும், இரண்டு வரிசைக் கல்லையும் பிடித்துக்கொள்ளும். பாதி நிரப்பி, இரு முனையும் கொக்கியாக வளைத்த 8 மி.மீ. முறுக்குக் கம்பியை வைத்து, மீதியை நிரப்ப வேண்டும். சிமெண்ட், மணல், ஜல்லி கலவை 1:2:4, ஜல்லி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அதன் பிறகு பத்து நாள் ஈரச் சாக்கு.

அடுத்தடுத்த ஓட்டைகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் கறாராக இருந்தேன். ஒன்று விட்டு ஒன்று, அதுவும் முந்தையது இறுகிய பிறகு. சித்தாள் பெண்கள் இதில் கொத்தனாரைவிட நயமாக வேலை செய்தார்கள். எந்தக் கல் நெம்பினால் வரும், எது மேலே இருப்பதையும் இழுத்துக்கொண்டு வரும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

சிமெண்டும் மணலும் சாலை முடிகிற இடத்தில் இருந்து கோவேறு கழுதை முதுகில்தான் ஏறும். ஒரு நடைக்கு இரண்டு மூட்டை. இந்த ஒரு காரணத்துக்காகவே மலையில் சிமெண்டை அளந்துதான் செலவழிப்பீர்கள். அது நல்லதும்கூட.

பட்டை

சுவரின் இரண்டு வரிசையையும் தைத்தாயிற்று. அடுத்தது நான்கு சுவரையும் ஒன்றாகப் பிடிப்பது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதுபோலத்தான். ஆரமும் வட்டையும் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் பட்டா இல்லாவிட்டால் பாதையில் கழன்றுவிடும்.

புதிதாகக் கட்டும் வீடு என்றால் கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் கான்க்ரீட் பெல்ட் ஓட்டிவிடலாம். மரத்திலும் செய்யலாம். தரவிதியில் அதற்கே படம் இருக்கிறது: 75 × 38 மி.மீ. கட்டை இரண்டு, ஒன்று வெளி முகத்தில், ஒன்று உள் முகத்தில், அரை மீட்டருக்கு ஒரு குறுக்குக் கட்டை. ஏணியைப் படுக்க வைத்த மாதிரி. அந்தப் படத்தை அலைபேசியில் மிஸ்திரிக்குக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது நம்ம பண்டாரம்தானே, கஞ்சத்தனமா கட்டியிருக்கு" என்றார். காஷ்மீரில் தாக் என்று சொல்லும் செங்கல் வீடுகளிலும் தள மட்டத்தில் இதே ஏணி சுற்றி ஓடும். ஊர் ஊராகத் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நிற்கிற வீட்டுக்குள் ஏணியை நுழைக்க முடியாது. வெளியே கம்பி வலைதான். கீழ்த்தள லிண்டலுக்குச் சற்று மேலே ஒரு பட்டை. மேல்தளம் ஏழடி உயரம்தான் என்பதால் அங்கே லிண்டலுக்கு ஒன்று, சுவர் முடிவுக்கு ஒன்று என்று பிரிக்காமல் இரண்டையும் சேர்த்து ஒரே பட்டை. பத்து அங்குல அகலத்துக்குப் பூச்சைச் சுரண்டி, கல் இடுக்கு மண்ணை முக்கால் அங்குலம் ஆழத்துக்கு நோண்டி எடுத்து, தண்ணீர் தெளித்து, 1:3 சிமெண்ட் கலவையில் அரை அங்குல முதல் பூச்சு. மேலே துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பி வலை, அதோடு நீளவாக்கில் இரண்டு 6 மி.மீ. கம்பி. ஒரு வலை முடிகிற இடத்தில் அடுத்த வலை அதன் மேல் ஒரு அடி ஏறி நிற்க வேண்டும். மூலையில் வலையை வெட்டக் கூடாது, மடித்துத்தான் திருப்ப வேண்டும். பிடிப்பு வேண்டிய இடமே மூலைதான், அங்கே போய்த் துண்டித்தால் பட்டை போட்டும் பிரயோசனம் இல்லை. அப்புறம் இரண்டாவது பூச்சு.

உள் பக்கமும் இதே மட்டத்தில் பட்டை ஓடுகிறது. தையல் ஓட்டைகளில் சிலவற்றைப் பட்டை மட்டத்துக்கு வரும்படி முன்பே குறித்திருந்தோம். அவற்றின் வழியாக 6 மி.மீ. கம்பியை விட்டு, உள் வலையையும் வெளி வலையையும் கட்டினோம். இப்போது பார்த்தால் சுவருக்கு வெளியே ஒரு கட்டை, உள்ளே ஒரு கட்டை, குறுக்கே மாண்வி. மரத்துக்குப் பதில் கம்பி, அவ்வளவே. நான்கு மூலையிலும் அடியில் இருந்து உச்சி வரை எல் வடிவத்தில் செங்குத்து வலை, ஜன்னல் பக்கங்களிலும் ஒல்லியாக ஒரு வலை.

மீதிச் சுவருக்கும் சிமெண்ட் பூசிவிடலாமே என்று கொத்தனாரும் மாமனாரும் சேர்ந்துகொண்டு கேட்டார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும்தான். ஆனால் மண் சுவர் மூச்சு விட வேண்டும். உள்ளே தொழுவ ஈரம், வெளியே சிமெண்ட் மூடி என்றால் சாந்து உள்ளேயே ஊறி நைந்துவிடும். பனிக்காலத்தில் அந்த ஈரம் உறைந்து பூச்சைத் தள்ளிவிடும். ஆகவே பட்டை மட்டும் சிமெண்ட், மற்ற இடமெல்லாம் மண், சாணம், நறுக்கிய பைன் ஊசி இலை. வீடு இப்போது இரண்டு வரி போட்ட சட்டை மாதிரி இருக்கிறது என்று என் மனைவிக்குச் சிரிப்பு.

வேலையை மழைக்கு முன்னால் முடித்தது ஒரு வசதி. அங்கே ஐப்பசிக்கு மேல் இரவுக் குளிரில் சிமெண்ட் இறுகவே அடம் பிடிக்கும். எங்களுக்கே சில இரவுகளில் பட்டைகளுக்கு வைக்கோல் போட்டு மூட வேண்டி வந்தது.

தரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்தளத் தரையின் மர உத்தரங்கள் சுவரின் உள் வரிசைக் கல்லின் மேல் மட்டும் நான்கு அங்குலம் உட்கார்ந்திருந்தன. சுவர் சற்றே விலகினாலும் உருவிக்கொண்டு கீழே வந்துவிடும். ஒன்று விட்டு ஒரு உத்தரத்துக்கு இரும்புப் பட்டி அடித்து, சுவரைத் தாண்டி வெளியே தகடு வைத்து நட்டு முடுக்கினோம். உத்தரங்களுக்கு அடியில் மூலைவிட்டமாகப் பலகைகள் ஆணியடித்தாயிற்று. தரை ஒரு தட்டாக நின்றால்தான் நான்கு சுவரும் ஒன்றுக்கொன்று உதவும்.

முக்கோணம்

எனக்குப் பிடித்த வேலை இதுதான், மிஸ்திரிக்கும்.

இரண்டு பக்கமும் கூரையின் முக்கோணம் கல்லால் கட்டியிருந்தது. அடி 20 அடி, உயரம் ஏழடி, தடிமன் ஒன்றரை அடி. கணக்குப் போட்டால் ஒவ்வொன்றும் ஆறு டன்னுக்குக் கிட்டே. அதுவும் வீட்டின் உச்சியில், ஆட்டம் அதிகமாக இருக்கும் இடத்தில். கிழக்கு முக்கோணத்துக்கு நேர் கீழேதான் வாசல். ஆட்டம் வந்ததும் எல்லோரும் எந்தப் பக்கம் ஓடுவார்கள்?

இரண்டையும் இறக்கிவிட்டு தஜ்ஜி வைத்தோம். 2005 அக்டோபர் 8-இல் காஷ்மீரில் 7.6 அளவில் நிலநடுக்கம் வந்து எல்லைக்கு இரண்டு பக்கமும் ஊர்கள் தரைமட்டமானபோது, மரச் சட்டத்துக்குள் சின்னக் கல்லை அடைத்த தஜ்ஜி வீடுகள் பல விரிசலோடு நின்றன. பாகிஸ்தான் பக்கத்தில் மறுகட்டுமானத்துக்கு அரசே அந்த முறையை ஏற்றுக்கொண்டது, மலை ஊர்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் வீடுகள் அப்படி எழும்பின. இமாசலத்துக்கும் இது புதிதில்லை. சிம்லாவில் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்களில் பூச்சைச் சுரண்டினால் நிறைய இடத்தில் தஜ்ஜிதான் வெளியே வரும்.

மேல்தளப் பட்டைக்குள் ஏற்கெனவே நட்டு வைத்திருந்த போல்ட்டுகளில் நாலங்குல உத்தரம் ஒன்றைக் கிடத்தி முடுக்கினோம். அதன் மேல் கைல் என்னும் பைன் வகை மரத்தில் நிற்கும் கால்கள், இரண்டடிக்கு ஒன்று. தேவதாரு இல்லாத குறைக்கு கைல் பரவாயில்லை, நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கால்களின் அடியில் சின்ன நாக்கு, உத்தரத்தில் துளை, மேலே ஒரு ஆணி. கால்களுக்கு நடுவே கிடைக்கட்டை, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பெருக்கல் குறி போல இரண்டு சாய்கட்டை. இப்போது முக்கோணம் முழுக்கக் கையகலத்தில் இருந்து ஒரு முழம் வரையான சின்னச் சின்னக் கட்டங்கள்.

அடைப்பு வேலையை மிஸ்திரி யாரிடமும் கொடுக்கவில்லை. பழைய முக்கோணத்தில் இருந்து இறக்கிய கல்லையே உள்ளங்கை அளவுக்கு உடைத்து, மண்ணில் பைன் ஊசி கலந்து, கீழ் மூலையில் இருந்து அடுக்கிக்கொண்டு வந்தார். கல் கட்டத்துக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும், ஆனால் அடித்து ஏற்றக் கூடாது. கடைசிக் கல்லைக் கட்டை விரலால் அழுத்துவார், அசைந்தால் எடுத்துவிட்டு வேறு கல். இடையில் நான் ஒரு கட்டத்துக்கு சிமெண்ட் கலவை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் தெரியும், வாயைக் கிளறுவதற்காகக் கேட்டதுதான். ஆடும்போது ஒவ்வொரு கட்டமும் கொஞ்சம் நெளிய வேண்டும். மண்ணும் கல்லும் மரமும் ஒன்றோடு ஒன்று உராய்ந்து உதிர்ந்தாலும், சுற்றி நான்கு பக்கமும் சட்டம் இருப்பதால் விரிசல் ஒரு கட்டத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போகாது. சிமெண்ட் போட்டால் நெளிவு போய்விடும். கட்டம் விறைத்துக்கொண்டு மரத்தை உடைக்கும். நாலங்குலச் சுவர், ஒரு முக்கோணம் ஒரு டன்னை ஒட்டி. ஆறு டன் இருந்த இடத்தில்.

கூரையில் ஸ்லேட்டை மாற்றவில்லை. கனம்தான், ஆனால் தகரம் போட்டால் கோடையில் சூடு, மழையில் சத்தம், மாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார். அதற்குப் பதிலாகக் கைமரங்களை நடு உயரத்தில் குறுக்குக் கட்டையால் சோடி சோடியாகக் கட்டினோம். கூரைச் சரிவின் அடியில் மூலைவிட்டக் கட்டைகள் அடித்து, கைமரக் கால்களைச் சுவர்த்தலை உத்தரத்தோடு தகட்டுப் பட்டியால் பிணைத்தோம். வாசலுக்கு மேலே இருக்கும் வரிசைகளில் ஒவ்வொரு ஸ்லேட்டுக்கும் புது ஆணி.

இத்தனைக்கும் பிறகு இந்த வீட்டுக்கு எதுவும் ஆகாது என்று நான் மாமனாரிடம் சொல்லவில்லை. பெரிய ஆட்டம் வந்தால் விரிசல் விடும், பூச்சு கொட்டும், ஒருவேளை திரும்பக் குடியிருக்க முடியாமலும் போகலாம். ஆட்கள் வெளியே வருகிற வரைக்கும் சுவர் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. வீட்டுக்குக் கீழ்ப் பக்கம் சரிவைத் தாங்கும் டங்கா, அதாவது சாந்தில்லாத கல் தடுப்புச் சுவர், ஒரு இடத்தில் புடைத்திருக்கிறது. அதில் நீர்க்கசிவுக் குழாய் ஒன்றுகூட இல்லை. அது தனி வேலை, மழை விட்டதும் தொடங்க வேண்டும். அடியில் மண் நகர்ந்தால் மேலே என்ன பட்டை போட்டும் பலனில்லை.

மாமனாருக்குத் தளம் போடாத வருத்தம் இன்னும் போகவில்லை. தளம் இருந்தால் மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கலாமாம். அதுவே ஒரு டன் என்றேன். கடைசியில் வீட்டுக்கு மேல் பக்கத்துச் சரிவில், ஆப்பிள் மரங்களுக்கு நடுவே கல் மேடை கட்டித் தொட்டியை அங்கே வைத்தோம். குழாயில் தண்ணீர் தானாகவே இறங்கி வருகிறது, மோட்டாரும் மிச்சம்.